தப்பு உங்கள் மேல் இல்லை! 'யூசபிலிட்டி' என்று ஒரு துறை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் சொல்வது இது: "எனக்கு இதெல்லாம் வராது சார்." ஏதாவது ஒரு இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பப் போவார்கள். இரண்டு பக்கம் நிரப்பியதும் 'தவறான தகவல்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். எது தவறு, எப்படித் திருத்துவது என்று அந்த வரி சொல்லாது. மறுபடி பட்டனை அழுத்தினால் நிரப்பியது எல்லாம் அழிந்து, முதல் பக்கம் வந்து நிற்கும். நமக்குத்தான் தெரியவில்லை என்று கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள்.

இப்படி நடக்கும்போது தப்பு பெரும்பாலும் உங்கள் மேல் இல்லை. அந்தப் பக்கத்தை வடிவமைத்த விதத்தில்தான் இருக்கிறது. இந்தத் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்கென்றே ஒரு படிப்பும் வேலையும் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யூசபிலிட்டி என்றால் என்ன?

போடி மெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதில் ஜீப் ஓட்டும் டிரைவருக்கு இன்ஜினுக்குள் நடப்பது எல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஸ்டியரிங், கியர், பிரேக் ஆகியவை கைக்கும் காலுக்கும் எட்டும் இடத்தில் இருந்து, அவர் எதிர்பார்த்தபடி வேலை செய்தால் போதும். சாப்ட்வேரில் இன்ஜின் என்பது உள்ளே இருக்கும் புரோகிராம். ஸ்டியரிங்கும் பிரேக்கும் திரையில் தெரியும் பட்டன், மெனு, கட்டம், எழுத்து ஆகியவை. இவற்றுக்கு 'இன்டர்பேஸ்' என்று பெயர். அதைப் பயன்படுத்துவது எவ்வளவு சுலபம் என்பதே யூசபிலிட்டி.

இதை அளக்கவும் முடியும். டென்மார்க்கில் முனைவர் பட்டம் பெற்று, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேக்கப் நீல்சன் ஐந்து அளவுகோல்களைச் சொன்னார். முதல் தடவையே கற்றுக்கொள்ள முடிகிறதா? வேலை சீக்கிரம் முடிகிறதா? சில நாள் கழித்து வந்தாலும் நினைவிருக்கிறதா? எத்தனை தவறு நேர்கிறது, நேர்ந்தால் மீள முடிகிறதா? பயன்படுத்தியவருக்குத் திருப்தியா?

நம் ஊர் உதாரணம்

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டம் புத்தடியில் இன்னொன்று. ஒரு காலத்தில் குரல் கொடுத்து விலை ஏற்றிய ஏலக்காய் வியாபாரிகள், இப்போது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். ஏல முடிவுகள் போர்டின் இணையதளத்தில் வெளியாகின்றன. தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று வரிசையாகப் பட்டியல் இருக்கும்.

தகவல் முழுமையானது. ஆனால் யூசபிலிட்டி படித்தவர் முதலில் கேட்பது, 'இதைப் பார்ப்பவர் யார்?' என்பதைத்தான். ஊருக்குள் கடை வைத்திருக்கும் வியாபாரி பெரிய மானிட்டரில் பார்க்கலாம். மலைச் சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில், வெயிலில் நின்று செல்போனில் பார்ப்பார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: 'என் காய்க்கு என்ன விலை கிடைக்கும்?'

அதிகபட்ச விலை என்பது நல்ல பச்சை நிறமும் பருமனும் உள்ள ஏதோ ஒரு லாட்டுக்குக் கிடைத்தது. சாதாரணக் காய்க்கு அருகில் வருவது சராசரி விலைதான். சின்னத் திரையில் ஏழெட்டுக் கட்டங்கள் கொண்ட பட்டியலைத் திறந்தால், கடைசிக் கட்டம் ஓரத்தில் மறைந்துவிடலாம். கண்ணில் படும் அதிகபட்ச விலையையே அன்றைய விலை என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குக்காக, இரண்டுக்கும் கிலோவுக்கு 300 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டைக்கு 15,000 ரூபாய் கூடுதலாக எதிர்பார்த்து, வந்த நியாயமான விலையை விட்டுவிடுவார். பணம் கையில் இல்லாமல் கூலி கொடுக்கும் நாள் வந்துவிடும். ஒரு கட்டத்தை எங்கே வைப்பது என்பது இவ்வளவு பெரிய விஷயம்!

சராசரி விலையைப் பெரிய எழுத்தில் முதலில் காட்டலாம். பக்கத்திலேயே முந்தைய ஏலத்தின் விலையைத் தரலாம். தமிழிலும் மலையாளத்திலும் தலைப்புக் கொடுக்கலாம். ஆனால் இவையெல்லாம் வெறும் யோசனைகள். சரியா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எப்படி?

இதற்கு ஆயிரம் பேர் தேவையில்லை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். "பக்கம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. "நேற்றைய சராசரி விலை எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். உதவி செய்யக் கை துடிக்கும். செய்யக் கூடாது.

நம் நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாது என்று, திண்டாடினாலும் "நல்லா இருக்கு தம்பி" என்றே சொல்வோம். ஹியூமன் ஃபேக்டர்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்தில் பணியாற்றிய அபலா லாஹிரி சவான் இதற்கு ஒரு வழி கண்டார். சோதனைக்கு வந்தவரை ஒரு சினிமாக் கதைக்குள் தள்ளிவிட்டார். 'உங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கூலிக்குக் கொலை செய்பவன், ஏற்கெனவே மணமானவன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவனுடைய மனைவியை அழைத்துக்கொண்டு உடனே பெங்களூர் போக விமான டிக்கெட் எடுங்கள்!' இந்த அவசரத்தில் மரியாதை மறந்துபோகும். பட்டன் கிடைக்காவிட்டால் கோபம் வெளியே வரும். இதற்கு 'பாலிவுட் முறை' என்று பெயர்.

இதில் உயர்ந்தவர்கள்

இந்தத் துறைக்குப் பல வழிகளில் வரலாம். டொனால்ட் நார்மன் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். பிறகு உளவியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார். அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி 1988-ல் இவர் எழுதிய புத்தகம் இன்றும் பாடமாக இருக்கிறது. 1993-ல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1998-ல் நீல்சனுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார்.

தபன் பாரிக் ஆராய்ச்சி செய்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில். சுய உதவிக் குழுப் பெண்களின் சேமிப்பு, கடன் கணக்குகள் காகிதத்தில் இருந்தன. அந்தக் காகிதத்தை அவர் மாற்றவில்லை. அதில் சிறு குறியீடுகளை அச்சிட்டார். செல்போன் கேமராவைக் குறியீட்டுக்கு மேல் காட்டினால், என்ன எண்ணை உள்ளிட வேண்டும் என்று போன் குரலில் சொல்லும். 2006-ல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், கிராமத்தினர் இதை விரைவில் கற்றுக்கொண்டார்கள் என்றும், குரலும் எண் பட்டன்களும் அவர்களுக்கு மிகவும் பிடித்தன என்றும் தெரிந்தது. 2007-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பெர்க்லியில் பேராசிரியரானார்.

மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் அனிருத்த ஜோஷியின் குழு 'ஸ்வரசக்ரா' என்ற செல்போன் கீபோர்டை உருவாக்கியது. 'க' எழுத்தைத் தொட்டால் அதைச் சுற்றிக் கா, கி, கீ என்று சக்கரம்போல விரியும். தமிழிலும் வந்தது.

நீங்களும் படிக்கலாம்

உங்கள் மகனோ மகளோ இத்துறைக்குப் போக நினைத்தால் எம்.டெஸ். படிப்பு ஒரு நல்ல வழி. மும்பை, குவாஹாட்டி ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். ஆகியவற்றில் வடிவமைப்புப் படிப்புகள் உள்ளன. எம்.டெஸ். சேர்க்கைக்கு 'சீட்' என்ற நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் பி.டெஸ். சேர 'யூசீட்' எழுதலாம். படம் வரையத் தெரிந்தால் நல்லது. மனிதர்களைப் பொறுமையாகக் கவனிக்கத் தெரிவது அதைவிட நல்லது.

இப்போதைக்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யுங்கள். ஒரு தாள், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கடி போகும் இணையதளம் ஒன்றில் அம்மாவையோ அப்பாவையோ ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். மவுஸைப் பிடுங்காமல், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதே இடத்தில் மூன்று பேர் நின்றால், அது அந்தப் பக்கத்தின் குறை. 'கருத்துத் தெரிவிக்க' என்று அந்தத் தளத்தில் இருக்கும் இடத்தில், என்ன செய்யப் போனீர்கள், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். "எனக்கு வராது" என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால், அந்தக் குறை அதைச் செய்தவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.