பிரதம அதிதியின் படம் வேண்டாம்

தைப்பொங்கல் கழிந்தால் திம்புள்ளத் தோட்டங்களில் மென்பந்து கிரிக்கெட்டுக்குக் குறைவில்லை. இறுதிப் போட்டி முடிந்த இரவே விளையாட்டுச் செய்தியாளரின் வட்ஸ்அப்புக்கு ஒரு படம் வரும். பிரதம அதிதி கிண்ணத்தை நீட்டுகிறார். வீரர்கள் பாதி மறைந்து நிற்கிறார்கள். கீழே அதிதிகள், அனுசரணையாளர்கள் பெயர்கள். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பது மட்டும் இராது. செய்தி வராவிட்டால், "மலையகத்தைக் கண்டுகொள்வதில்லை" என்பார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான்.

சொல்லத்தக்க கதை தோட்டத்தில் கொட்டிக் கிடக்கிறது. அணிக்கு ஆறு பேரோடு ஏன் ஆடுகிறார்கள்? சரிவெல்லாம் தேயிலை, சமதரை கிடைப்பது அரிது என்பதும் ஒரு காரணம். அதே மலையில், ரதல்லவில், துரைமார் 1856இல் தொடங்கிய திம்புள்ள கிளப்பின் மைதானம் பசேலென்று விரிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து நாலு வரி எழுதுங்கள். செய்தியாளரே பஸ் ஏறி வருவார்.

தகவல் இப்படி இருந்தால் போதும்: "வயது 16. தாய் கொழுந்து பறிப்பவர். மைதானம் இல்லாததால் ஃபெக்டரி ரோட்டில் ஓடிப் பழகுகிறாள். வரும் சனிக்கிழமை மாகாணப் போட்டியில் 3,000 மீற்றர். பயிற்றுநரின் எண் கீழே." இதில் உயிர்நாடி 'வரும்' என்பது. ஓடி முடித்தபின் வருவது வெறும் முடிவுதான். (பிள்ளையின் பெயரை, படத்தை அனுப்பும் முன் வீட்டில் கேட்டுவிடுங்கள்.)

"அடுத்த முரளி" என்று மட்டும் தொடங்காதீர்கள். முரளிதரனின் பாட்டனார் 1920இல் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்தான். பேரனோ கண்டியில், பிஸ்கட் தொழில் நடத்திய வீட்டில் வளர்ந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். அவருடைய 800 விக்கெட்டுகளை லயத்துப் பையன் தலையில் ஏற்றுவது அநியாயம். ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால், 10,000 மீற்றரில் தேசிய மட்டத்தில் பெயர் பெற்ற மலையக ஓட்டவீரர் குமார் சண்முகேஸ்வரன் இருக்கிறார்.

2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடி பேச வந்தபோது மலையகத்து நோர்வூட் மைதானம் உலகச் செய்தியானது. அன்று அங்கே யாரும் விளையாடவில்லை. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அங்கே யார் ஆடுகிறார்கள், பந்துக்குக் காசு எப்படிச் சேர்க்கிறார்கள் என்று யாராவது எழுதி அனுப்பலாம். புதன்கிழமைக்குள் அனுப்பினால் நல்லது; வியாழனன்று விளையாட்டுப் பக்கத்தில் பாதி நிரம்பிவிடும்.