குட்டை வெட்டும் முன் கதை கேளுங்கள்!

மாறிவரும் மழைக்கு ஏற்ப நிலத்தைத் திருத்த ஊர்ப் பெரியவர்களின் நினைவு எப்படி உதவும்?

"சார், பண்ணைக்குட்டையை எந்த மூலையில் வெட்டலாம்? வேலியோரம் என்ன மரம் வைக்கலாம்?" கோடை உழவு தொடங்கியதும் விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்விகள் இவை. நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "கடைசியாகப் பெருமழை பெய்தபோது உங்கள் நிலத்தில் தண்ணீர் எந்த வழியாக வந்து, எந்த வழியாகப் போனது?" இளைஞர்கள் பலருக்கு அது தெரிவதில்லை. வீட்டில் உள்ள தாத்தா, அப்பத்தாவுக்குத் தெரியும்.

இப்போது இந்தக் கேள்விக்கு முக்கியத்துவம் கூடியிருக்கிறது. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இடைவெளி விட்டால் நீண்ட நாள் காய்கிறது. ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். 10 செ.மீ. மழை ஒரே இரவில் பெய்தால் 4 லட்சம் லிட்டர். அது போகும் பாதையில் வரப்பைப் போட்டால் வரப்பு நிற்காது. பாதையை விட்டு விலகிக் குட்டை வெட்டினால் குட்டை நிறையாது. இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான்.

வரைபடம் சொல்லாதது

புல வரைபடத்தில் எல்லையும் பரப்பும் இருக்கும். 30 வருடங்களுக்கு முன் தூர்ந்துபோன வாரி அதில் தெரியாமல் போகலாம். நான் பணியாற்றிய ஒரு மானாவாரிக் கிராமத்தில், தாழ்வான மூலை என்பதால் ஓர் இடத்தில் குட்டைக்குக் குறியிட்டிருந்தார்கள். களை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "அங்க எங்க மாமனார் கிணறு தோண்டினப்ப ஆறடியில வெறும் சரளைதான் வந்துச்சு. குடத்துல ஊத்துன தண்ணிகூட நிக்கல" என்றார். துளையிட்டுப் பார்த்தோம். அவர் சொன்னபடியே சரளை. குட்டையைக் களிமண் இருந்த பக்கத்துக்கு மாற்றினோம். ஒரு குடும்பக் கதை அந்த விவசாயியின் பணத்தை மிச்சப்படுத்தியது.

நம் காட்டுப் பெயர்களும் கதைகள்தான். ஓடைக்கொல்லை, பள்ளவயல், உவர்க்காடு என்று முன்னோர் சும்மா பெயர் வைக்கவில்லை. நெல்லிலும் அப்படியே. யானை நுழைந்தாலும் மறைக்கும் உயரம் என்று காட்டுயானத்தைப் பற்றிச் சொல்வார்கள். தண்ணீர் தேங்கும் பள்ளக்காலுக்கு உயரமான ரகம் வேண்டும் என்ற பாடம் அதற்குள் இருக்கிறது.

பாலைவனத்தைத் தடுத்த பழைய குழி

ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் யாக்கூபா சாவாடோகோ என்ற விவசாயி இருந்தார். 1980-களில் கடும் வறட்சி. ஊர் ஊராக மக்கள் வெளியேறினார்கள். அவர் ஊரைவிட்டுப் போகாமல், 'ஜாய்' எனப்படும் முன்னோர் முறைக் குழிகளைக் கையில் எடுத்தார். கோடையிலேயே குழிகளை அகலமாக, ஆழமாகத் தோண்டி, எருவும் மட்கும் இட்டார். எருவுக்கு வந்த கரையான்கள் இறுகிய மண்ணைத் துளைத்தன. மழைநீர் உள்ளே இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்தன. எருவிலிருந்த விதைகளிலிருந்து மரங்களும் முளைத்தன. தன் ஊரில் விவசாயிகளைக் கூட்டிச் சந்தை நடத்தி, விதையையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொள்ள வைத்தார். 2018-ல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. முன்னோர் நினைவை அப்படியே நகல் எடுக்காமல், இன்றைய வறட்சிக்கு ஏற்பத் திருத்தியதுதான் அவர் வெற்றி.

எப்படிக் கேட்பது?

1. ஒரு மாலையில் நான்கைந்து பெரியவர்களை உட்கார வையுங்கள். பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். எந்தக் கிணறு முதலில் வற்றும், புல் எங்கே கடைசிவரை பச்சையாக இருக்கும் என்பதைத் தண்ணீர் எடுத்தவர்களும் ஆடு, மாடு மேய்த்தவர்களும்தான் சொல்ல முடியும்.

2. "மழை எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒரு நிகழ்வைப் பிடித்துக் கேளுங்கள். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2016 வறட்சி, 2018 கஜா என்று உங்கள் பகுதியைப் பாதித்ததைச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? எந்த வரிசைத் தென்னை முதலில் சாய்ந்தது? எந்த மரம் தப்பியது? காற்றுத்தடுப்பு மரம் வைக்க இந்த விவரம் தேவை.

3. தரையில் கோலப்பொடியால் நிலத்தை வரையுங்கள். தண்ணீர் வந்த வழி, தேங்கிய இடம், உடைந்த வரப்பு, நின்ற மரம் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு அந்த வழியே நடந்து பாருங்கள்.

4. பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஆண்டு வாரியாக எழுத வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுதான் பண்ணை வரைபடம்.

கதையையும் அளக்க வேண்டும்

நினைவு கூட்டியும் சொல்லும், குறைத்தும் சொல்லும். ஆகவே மண்ணைத் துளைத்துப் பார்ப்பது, மண் பரிசோதனை, நீர்மட்டம் பார்ப்பது, வட்டார மழைப் பதிவு ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே செலவு செய்யுங்கள். தாத்தா பார்த்த வெள்ளமே கடைசி எல்லை என்றும் நினைக்கக் கூடாது. குட்டைக்கும் வயலுக்கும் உபரிநீர் வெளியேற வழி விடுவது அவசியம்.

வாசகர் கேள்வி

*"ஆடிப் பட்டம் தேடி விதை என்று அப்பா சொல்கிறார். வானிலை அறிக்கை வேறு சொல்கிறது. எதை நம்புவது?"*

இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. எந்த நிலத்தில் எந்தப் பயிர், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதற்கு அப்பாவைக் கேளுங்கள். இந்த வாரம் விதைக்கலாமா, வேண்டாமா என்பதற்கு வானிலை அறிக்கையையும் மண் ஈரத்தையும் பாருங்கள். மானாவாரியில், நல்ல மழை பெய்து விதை ஆழத்துக்கும் கீழே ஈரம் இறங்கியிருந்தால் மட்டும் விதையுங்கள். ஒரே நாளில் முழு நிலத்தையும் விதைக்காமல், பகுதி பகுதியாக விதைத்தால் ஒரு பகுதி ஏமாற்றினாலும் மறு பகுதி கைகொடுக்கும்.