மடையானின் கால் என்ன நிறம்?

லோயர் கேம்ப் பவர் ஹவுஸைத் தாண்டி வரும் பெரியாற்றுத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து தொளி உழவு தொடங்கிவிட்டால், டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் கூடிவிடும். வரப்போரம் குறுகி நிற்கும் மடையானைக் கிட்டத்தில் பாருங்கள். மற்ற நாளில் மண் நிறம். கூடு கட்டும் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். அலகின் அடியில் நீலம், நடுவே மஞ்சள், நுனி கறுப்பு. பச்சை கலந்த மஞ்சள் கால்கள் சில பறவைகளுக்குச் சில நாள் சிவந்தும் போகும்.

செத்த மடையானைப் பாடம் செய்து பெட்டியில் வைத்தால் இவற்றில் முதுகின் நிறம் மட்டுமே தங்கும். இறகு வளர்ந்து முடிந்ததும் உயிரற்ற பொருள். நம் நகத்தைப் போன்ற கெரட்டின். அதற்குள் சிக்கிய நிறமி பல காலம் அப்படியே கிடக்கும். கால், அலகின் தோல், முகத்தின் வெற்றுத்தோல் எல்லாம் உயிருள்ள திசு. அங்கே சிவப்பும் மஞ்சளும் தருவது பெரும்பாலும் ஓடும் இரத்தமும், இரையிலிருந்து சேர்ந்த கரோட்டினாய்டுகளும். உயிர் போனால் இரத்தம் வடியும், தோல் காய்ந்து கறுக்கும். கண்ணையோ தோலுரிக்கும்போதே எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்துவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாடம் செய்யப்பட்டு இங்கிருந்து கப்பலேறி லண்டன் போன நாரைகளும் கொக்குகளும் இந்தக் கோலத்தில்தான் ஓவியர் மேசைக்கு வந்தன. நீர்ப்பறவைகளுக்கு இது பெரிய இழப்பு. நீண்ட காலும் நீண்ட அலகும்தானே அவற்றின் பாதி அடையாளம்!

அதனால்தான் எலிசபெத் குவில்லிமின் படங்கள் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன. அவர் அன்றைய சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதி ஹென்றி குவில்லிமின் மனைவி. 1801இல் சென்னைக்கு வந்து, 1807இல் இங்கேயே இறந்தார். பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்தவற்றை எதிரில் வைத்து, பெரும்பாலும் நிஜ அளவிலேயே நீர்வண்ணத்தில் தீட்டினார். அமெரிக்கப் பறவைகளை நிஜ அளவில் வரைந்து ஆடுபான் புகழ்பெற்றது 1827க்குப் பிறகு. தாளில் அடங்காத பூநாரையின் கழுத்தை ஆடுபான் வளைத்துத்தான் வரைந்தார். குவில்லிமை உலகம் மறந்தே போயிருந்தது. 1924இல் கேசி வுட் என்ற கண் மருத்துவர் லண்டனில் அந்தப் படங்களைக் கண்டு வாங்கினார். 121 பறவைப் படங்கள் இன்று மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

1840களில் சென்னையில் ஜெர்டன் என்ற மருத்துவர் 50 படங்களோடு இந்தியப் பறவை நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு வரைந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர் ஓவியர்கள். அன்றைய லித்தோ கல்லச்சில் கறுப்பு வரைவு மட்டும் அச்சாகும். வண்ணத்தை ஒவ்வொரு பிரதிக்கும் கையால் தீட்ட வேண்டும். பறவையைக் கண்ணால் கண்ட ஊரிலேயே அந்த வேலையில் ஒரு பகுதியாவது நடந்தது எவ்வளவு பெரிய வசதி!

அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்கவில்லை. பறவை ஆய்வாளர்களான ஹியூமும் மார்ஷலும் 1879இலிருந்து 1881க்குள் வேட்டையாடப்படும் பறவைகள் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார்கள். வாத்துகளும் அவற்றில் உண்டு. படங்கள் இங்கிலாந்தில் தயாராயின. கண், கால், அலகு இவற்றின் நிறத்தைப் பறவை சுடப்பட்ட உடனே எழுதிவைக்க வேண்டும் என்பதில் ஹியூம் கறாரானவர். வந்து சேர்ந்த படங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. எந்தப் படத்தில் என்ன தப்பு என்று தன் நூலுக்குள்ளேயே எழுதி அச்சிட்டார்.