வளர்ப்பு முயல்களின் தோல், முடி நோய்கள்

வளர்ப்பு முயல்களின் தோலிலும் முடியிலும் ஏற்படும் நோய்களுக்கு ஒட்டுண்ணிகள், பூஞ்சை, பாக்டீரியா, கூண்டின் தரை, உணவு, பற்களின் வளர்ச்சி எனப் பல காரணங்கள் உள்ளன. முடி உதிர்தல், பொடுகு, காதில் பொருக்கு, பாதப் புண், சீழ்க்கட்டி ஆகியவை அடிக்கடி காணப்படும் அறிகுறிகளாகும். முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால் வலியை வெளிக்காட்டாமல் மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே நோய் முற்றிய பிறகே வளர்ப்பவரின் கண்ணில் படுகிறது. நாய், பூனைகளுக்கு வழங்கப்படும் சில மருந்துகள் முயலின் உயிருக்கே ஆபத்தானவை. ஆகவே காரணத்தை அறியாமல் மருந்திடுவது நோயைவிடக் கூடுதலான கேட்டை விளைவிக்கக்கூடும்.

தோல், முடியின் அமைப்பு

வீடுகளில் வளர்க்கப்படும் முயல்கள் அனைத்தும் ஒரிக்டோலாகஸ் குனிகுலஸ் என்னும் ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. இவற்றின் தோல் மிக மெல்லியது; எளிதில் கிழியக்கூடியது. முடி இரண்டு அடுக்குகளாக அமைந்துள்ளது. மென்மையான, அடர்ந்த அடிமுடி உடல் வெப்பத்தைக் காக்கிறது. அதற்கு மேல் நீண்டிருக்கும் தடித்த மேல்முடி அடிமுடியைப் பாதுகாக்கிறது.

நாய், பூனைகளுக்குப் பாதங்களில் தடித்த மெத்தை போன்ற தோல் உண்டு. முயலுக்கு அது கிடையாது. பாதத்தை மூடியிருக்கும் அடர்ந்த முடியே அதன் உடல் எடையைத் தாங்குகிறது. முயலுக்கு வரும் பாதப் புண்ணைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

இயல்பான முடி உதிர்வு

முயல்கள் குறிப்பிட்ட பருவங்களில் பழைய முடியை உதிர்த்துப் புதிய முடியைப் பெறுகின்றன. இது நோயன்று. பெரும்பாலும் தலையில் தொடங்கிப் பின்புறம் நோக்கி முடி மாறும். பழைய முடிக்கும் புதிய முடிக்கும் இடையே கோடு போன்ற வேறுபாடு தெரியலாம். அந்த இடத்தில் தோல் சிவப்பின்றி, பொருக்கின்றி, அரிப்பின்றி இருந்தால் அச்சப்படத் தேவையில்லை.

எனினும் முயல் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும்போது உதிர்ந்த முடியையும் விழுங்குகிறது. முயலால் வாந்தி எடுக்க இயலாது. போதிய நார்ச்சத்து உண்ணும் முயலுக்கு முடி சாணத்துடன் வெளியேறிவிடும். நார்ச்சத்துக் குறைந்தால் குடல் இயக்கம் மந்தமாகி, முடி உணவுடன் சேர்ந்து இறுகிவிடும். முடி உதிரும் காலத்தில் நாள்தோறும் மென்மையான சீப்பால் வாரிவிடுவதும், காய்ந்த புல்லை எப்போதும் கிடைக்கும்படி வைப்பதும் இதைத் தடுக்கும். முயல் உண்பதை நிறுத்தினாலோ, புழுக்கை சிறுத்தாலோ நின்றாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒட்டுண்ணிகள்

காதுச் சொறி: சோரோப்டஸ் குனிகுலி என்னும் நுண்ணிய உண்ணி காதின் உட்புறத்தில் வாழ்ந்து இந்நோயை உண்டாக்குகிறது. முயல் தலையை உதறும். பின்னங்காலால் காதைச் சொறியும். பின்னர்க் காதினுள் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படியும். கவனிக்காமல் விட்டால் காதின் உட்பகுதியும் பாதிக்கப்பட்டுத் தலை ஒரு பக்கமாகச் சாயலாம். பொருக்கைப் பிய்த்தெடுப்பது பெரும் தவறு. அதனடியில் தோல் புண்ணாகியிருப்பதால் கடும் வலியும் இரத்தக் கசிவும் ஏற்படும். உண்ணிக்கு மருந்தளித்தால் பொருக்கு சில நாட்களில் தானே உதிர்ந்துவிடும்.

முகம், பாதச் சொறி: சார்கோப்டஸ் ஸ்கேபி என்னும் உண்ணி தோலைத் துளைத்து உள்ளே வாழ்கிறது. மூக்கு நுனி, உதடு, காது ஓரம், விரல்கள் ஆகிய இடங்களில் சாம்பல் நிறப் பொருக்கு தடித்துப் படிவது இதன் அடையாளம். அரிப்பு கடுமையாக இருக்கும். முயல் மெலிந்து, நோய் முற்றினால் இறக்கவும் நேரிடும். முயலைத் தூக்குபவர்களுக்கும் கைகளில் அரிப்பும் சிறு தடிப்புகளும் தோன்றலாம்.

பொடுகு உண்ணி: செய்லெட்டியெல்லா பாராசிட்டோவோராக்ஸ் என்னும் உண்ணி தோலின் மேற்பரப்பில் வாழ்கிறது. பிடரியிலும் முதுகிலும் வெண்பொடுகு பெருமளவில் காணப்படும். கூர்ந்து நோக்கினால் பொடுகு நகர்வது போலத் தோன்றும். செதில்களுக்கு அடியில் உண்ணிகள் ஊர்வதே இதற்குக் காரணம். ஒளிபுகும் ஒட்டுநாடாவைத் தோலில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து இதனை உறுதி செய்யலாம். உடல் பருத்த முயலும் முதுகு வலியுள்ள முயலும் தம் முதுகைத் திரும்பி நக்க இயலாததால், அவற்றில் இத்தொல்லை மிகுதியாகக் காணப்படும்.

தெள்ளுப்பூச்சி: வீட்டில் நாய் அல்லது பூனை இருந்தால் அவற்றின் தெள்ளுப்பூச்சி முயலுக்கும் தொற்றும். முடியினடியில் மிளகுத்தூள் போன்ற கருந்துகள்கள் காணப்படும். ஈரமான வெள்ளைத் துணியில் அவற்றைத் தேய்த்தால் செந்நிறக் கறை தோன்றும். அது பூச்சி உறிஞ்சிக் கழித்த இரத்தமாகும்.

உண்ணி நோய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் ஐவர்மெக்டின் ஊசியையோ செலாமெக்டின் சொட்டு மருந்தையோ பயன்படுத்துகின்றனர். ஐவர்மெக்டின் உண்ணியின் முட்டைகளை அழிப்பதில்லை. எனவே முட்டைகள் பொரிந்த பின் வெளிவரும் உண்ணிகளையும் கொல்ல, 10 முதல் 14 நாள் இடைவெளியில் மீண்டும் ஊசி போட வேண்டும். முதல் ஊசியிலேயே குணம் தெரிவதால் அடுத்த ஊசியைத் தவிர்ப்பதே நோய் திரும்புவதற்கு முதன்மைக் காரணம். உண்ணிகள் முயலின் உடலுக்கு வெளியேயும் பல நாட்கள் உயிர் வாழும். ஆகவே கூண்டைச் சுத்தம் செய்வதும், உடனுள்ள முயல்கள் அனைத்திற்கும் ஒரே நேரத்தில் மருந்தளிப்பதும் இன்றியமையாதவை.

படர்தாமரை

இது பூஞ்சையால் வருவது. முயல்களில் டிரைகோபைட்டான் மென்டக்ரோபைட்டஸ் என்னும் பூஞ்சை பெரும்பாலும் இதற்குக் காரணமாகிறது. தலை, காது, பாதம் ஆகிய இடங்களில் வட்டமாக முடி கொட்டி, ஓரம் சிவந்து, செதில் படியும். குட்டிகளே எளிதில் பாதிக்கப்படுகின்றன. சில முயல்கள் வெளிப்படையான அறிகுறி எதுவுமின்றிப் பூஞ்சையைச் சுமந்து பரப்புவதும் உண்டு.

இந்நோய் மனிதருக்குத் தொற்றும். முயலைக் கொஞ்சும் குழந்தைகளின் கையிலோ முகத்திலோ வட்டமான அரிப்புத் தடிப்பு தோன்றினால், குழந்தைக்கும் முயலுக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் செய்ய வேண்டும். ஒருவருக்கு மட்டும் செய்தால் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றும். புற ஊதா விளக்கில் இப்பூஞ்சை ஒளிர்வதில்லை. எனவே முடியை எடுத்துப் பூஞ்சை வளர்ப்புச் சோதனை செய்வதே நம்பத்தகுந்த வழி.

பாதப் புண்

கம்பி வலைத் தரையுள்ள கூண்டில் வளரும் முயல்களுக்குப் பின்னங்காலின் குதிப் பகுதியில் முடி தேய்ந்து, தோல் சிவந்து, பின்னர்ப் புண்ணாகும். ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் புண்ணில் புகுந்தால் சீழ் பிடித்து எலும்பு வரை பரவக்கூடும். உடல் பருமன், ஈரமான தரை, நகம் வெட்டாமை, ஓட இடமின்மை ஆகியவை இதற்குத் துணைபுரிகின்றன. ரெக்ஸ் இன முயல்களுக்கு மேல்முடி மிகக் குட்டையாக இருப்பதால் பாதத்தின் பாதுகாப்பும் குறைவு. எனவே அவை எளிதில் பாதிக்கப்படுகின்றன.

வலி உள்ள முயல் அசையாமல் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும்; எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். புண்ணுக்கு மருந்திட்டுத் தரையை மாற்றாமல் விட்டால் குணம் கிட்டாது. கூண்டின் ஒரு பகுதியிலாவது மரப்பலகை அமைத்து, அதன் மேல் காய்ந்த புல் அல்லது வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, நாள்தோறும் மாற்ற வேண்டும்.

ஈரத்தால் வரும் தோல் அழற்சி

தோல் எந்நேரமும் நனைந்திருந்தால் சிவந்து, முடி கொட்டிப் புண்ணாகும். நனைந்த இடத்தைப் பார்த்தே பெரும்பாலும் காரணத்தை ஊகிக்கலாம்.

வாயும் தாடையும் நனைந்திருந்தால் பல் கோளாறே முதல் ஐயம். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை அரைத்து உண்பதால் அவை தேய்கின்றன. மென்மையான தீவனத்தையும் காய்கறியையும் மட்டுமே உண்ணும் முயலுக்குப் பற்கள் நீண்டு வாயில் குத்தும், எச்சில் ஒழுகும்.

கண்ணுக்குக் கீழே நனைந்திருந்தால் கண் நோயோ, கண்ணீர் வடியும் நாளத்தில் அடைப்போ இருக்கலாம். மேல்தாடைப் பற்களின் வேர் இந்நாளத்தை அழுத்துவதும் உண்டு.

பின்புறம் நனைந்திருந்தால் சிறுநீர்ப்பை நோய், முதுகு அல்லது மூட்டு வலி, உடல் பருமன் ஆகியவற்றைக் கருத வேண்டும். குதிரைமசால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீவனம். வளர்ந்த முயலுக்கு அதையே முதன்மை உணவாகத் தந்தால் சிறுநீர் சேறு போலத் தடித்துச் சிறுநீர்ப்பையை உறுத்தக்கூடும்.

நனைந்த முடி நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் அது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவின் அடையாளம்.

புழு வைத்த புண்

முயலின் தோல் நோய்களில் மிக விரைவாக உயிரைப் பறிப்பது இதுவே. சிறுநீராலும் சாணத்தாலும் அழுக்கடைந்த பின்புறத்தையோ, திறந்த புண்ணையோ நாடி வரும் ஈக்கள் அங்கு முட்டையிடுகின்றன. முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்து, புழுக்கள் உயிருள்ள தசையை உண்ணத் தொடங்கும். வெப்பமான, ஈரப்பதம் மிகுந்த காலத்தில் இது மிகுதி. காலையில் நலமாக இருந்த முயல் மறுநாள் சோர்ந்து கிடக்கக் காணலாம். இது அவசர நிலை. வீட்டு மருத்துவத்தில் நேரத்தைக் கழிக்கலாகாது. மாட்டின் புழுப்புண்ணுக்கு இடும் டர்பென்டைன் போன்றவற்றை முயலுக்கு இடக் கூடாது. ஈக்காலத்தில் நாளுக்கு இருமுறை முயலின் பின்புறத்தைப் பார்ப்பதே சிறந்த தடுப்பு.

சீழ்க்கட்டியும் பொருக்குப் புண்ணும்

முயலின் சீழ் பிற விலங்குகளுடையதைப் போல நீர்த்திருக்காது. பற்பசை போலத் தடித்திருக்கும். எனவே கட்டியைக் கீறிவிட்டால் முழுமையாக வடியாது. பெரும்பாலும் கட்டியை அதன் உறையோடு அறுவை செய்து நீக்க வேண்டியிருக்கும். தாடையில் வரும் கட்டிக்குப் பல்வேரின் அழற்சியே பல வேளைகளில் மூலமாக இருக்கிறது.

மூக்கு, உதடு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பொருக்குப் புண் சேர்ந்து தோன்றினால் அது டிரெபோனீமா வகைப் பாக்டீரியாவால் வரும் முயல் மேகநோயாக இருக்கலாம். இனச்சேர்க்கையாலும், தாயிடமிருந்து குட்டிக்கும் இது பரவும், மனிதருக்குத் தொற்றுவதில்லை. பெனிசிலின் ஊசியால் குணமாகும்.

முடியைப் பிடுங்குதல்

சினையுற்ற பெண் முயல் ஏறத்தாழ 31 நாளில் ஈனும். அதற்குச் சற்று முன் மார்பு, வயிற்று முடியைப் பிடுங்கிக் கூடு அமைக்கும். இது இயல்பானது. பொய்ச்சினையுற்ற முயலும் இவ்வாறே செய்யும். இவை தவிர, ஒரு முயல் மற்றொன்றின் முடியைக் கடித்துக் குட்டையாக்குவது இடநெருக்கடியையும் சலிப்பையும் நார்ச்சத்துக் குறைவையும் காட்டும். முடி வேரோடு உதிர்ந்துள்ளதா, நடுவில் கடிபட்டுள்ளதா என்று பார்த்தால் நோயையும் பழக்கத்தையும் வேறுபடுத்தலாம்.

தவிர்க்க வேண்டியவை

• பிப்ரோனில் கலந்த தெள்ளுப்பூச்சி மருந்து: நாய், பூனைகளுக்குப் பரவலாக விற்கப்படுவது; முயலுக்கு நஞ்சாகி வலிப்பையும் இறப்பையும் உண்டாக்கும்.
• வாய்வழித் தரும் பெனிசிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின்: முயலின் குடலில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிரிகளை அழித்து, உயிர்கொல்லும் கழிச்சலை உண்டாக்கக்கூடும்.
• ஸ்டீராய்டு களிம்பு: முயல் இதற்கு மிகவும் கூருணர்வுடையது, நோய் எதிர்ப்பாற்றல் குன்றும்.
• மண்ணெண்ணெய், கழிவு எஞ்சின் எண்ணெய்: முயல் தன்னை நக்கிக்கொள்வதால் பூசியது வயிற்றுக்குள் செல்லும்.
• குளிப்பாட்டுதல்: அடர்முடி எளிதில் உலராது. அச்சமும் குளிரும் முயலை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளலாம். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.

தடுப்பு முறைகள்

காய்ந்த புல்லும் பசும்புல்லுமே உணவின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். அருகம்புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போன்றவற்றைத் தரலாம். அடர்தீவனத்தை அளவோடு தர வேண்டும். கூண்டு உலர்ந்தும் காற்றோட்டமாகவும் நிழலிலும் இருத்தல் நன்று. புதிதாக வாங்கிய முயலை இரண்டு வாரமாவது தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். வாங்கும்போதே காதின் உட்புறத்தையும் மூக்கு நுனியையும் பாதங்களையும் பார்ப்பது நல்லது.

வாரம் ஒரு முறை முயலை மடியில் வைத்துக் காது, கண், தாடை, பிடரி, பாதம், பின்புறம் என வரிசையாகச் சோதித்தால் பெரும்பாலான தோல் நோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறியலாம். தொடக்கத்தில் ஓரிரு வாரத்தில் தீரும் சொறியும் பாதப் புண்ணும், முற்றிய பின் மாதக்கணக்கில் மருத்துவம் தேவைப்படுபவையாக மாறுகின்றன.