நிற்கும்போது கார் ஏன் உதறுகிறது?

சிக்னலில் நிற்கையில் உதறும் கார், கிளம்பியதும் சீராகிவிடுகிறது. ஏன்? நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் (கார் நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுழலும். நொடிக்கு ஏறத்தாழ 27 முறை பெட்ரோல் எரியும். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போனால் நொடிக்கு ஏழு முறை வரை தள்ளுவிசை விட்டுப்போகும். வேகமாகச் சுழலும்போது ஃப்ளைவீலின் உந்தம் அந்தக் குறையை மறைத்துவிடும். ஐடிலில் அது முடியாது.

கண்டுபிடிப்பது எப்படி? மெக்கானிக்கின் ஸ்கேனரில் பி0302 என்று வந்தால், கோளாறு இரண்டாம் சிலிண்டரில். அதன் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடும்படி அவரிடம் சொல்லுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் காயிலில்தான் பழுது. நகராவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டரைப் பாருங்கள். எல்லாச் சிலிண்டரிலும் பெட்ரோல் ஒழுங்காக எரிந்தும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருக்கலாம்.

தள்ளிப்போடாதீர்கள்: எரியாத பெட்ரோல், விலை அதிகமான கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும்.