சாய்ஸ் லிஸ்டில் எது முதலில்?

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்துதான் ஒரு தேர்வு. பெயர்பெற்ற கல்லூரியில் வேண்டாத பிரிவா, அவ்வளவாகப் பெயர் வாங்காத கல்லூரியில் வேண்டிய பிரிவா என்ற இழுபறி அங்கேதான் தொடங்குகிறது. பல வீடுகளில் கல்லூரிப் பெயர்தான் ஜெயிக்கும். கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால் சொல்லத் தோதான பதில் அதுதானே. ஆனால் இரண்டு கல்லூரிகளும் ஓரளவு தரமானவை என்றால், பாடத்தை விட்டுக்கொடுத்துப் பெயரை வாங்குவது பெரும்பாலும் நஷ்டம்.

இதற்கு நார்வேயில் சான்று உண்டு. அங்கும் நம்மைப் போலவே மதிப்பெண் அடிப்படையில் ஒற்றைச் சாளரச் சேர்க்கைதான். கட்-ஆஃபைச் சற்றே தாண்டியவர்களையும் சற்றே தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டு கிர்கேபோன், லூவன், மோக்ஸ்டாட் ஆகிய பொருளியலாளர்கள் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிற்கால வருமானத்தைப் பெரிதும் மாற்றியது படித்த துறை. எந்த நிறுவனத்தில் படித்தார் என்பதன் பங்கு அதைவிடச் சிறியது. வருமானம் வேறு, மனநிறைவு வேறு என்பீர்கள். அமெரிக்காவில் 2014-ல் 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் காலப் நிறுவனம், பர்டூ பல்கலைக்கழகம் இரண்டும் சேர்ந்து நடத்திய கருத்தாய்வு இதைத்தான் கேட்டது. வேலையில் ஈடுபாட்டோடு இருப்பதற்கும் படித்த கல்லூரி எந்த வகை என்பதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. அக்கறையோடு வழிகாட்டிய ஆசிரியர் இருந்தாரா, பாடத்தில் ஆர்வம் பிறந்ததா என்பவற்றோடுதான் தொடர்பு தெரிந்தது. கல்விக்கடன் ஏற ஏற நிறைவு குறைந்ததும் அதில் பதிவானது.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நிறுவனங்கள் பெயர்பெற்ற கல்லூரிகளைத்தானே தேடி வருகின்றன என்ற மறுப்பு நியாயமானது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரின் ஆய்வுகளும் இதில் பாதியை ஒப்புக்கொள்கின்றன. பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் எளிய கல்லூரிக்குப் போனவர்கள் பொதுவாக வருமானத்தில் பின்தங்கவில்லை. ஆனால் ஏழைக் குடும்பத்து மாணவர், பெற்றோர் அதிகம் படிக்காத மாணவர் போன்றோருக்குப் பெயர்பெற்ற கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்தது. ஆகவே முதல் தலைமுறைப் பட்டதாரி பெயருக்குக் கூடுதல் எடை கொடுத்தால் அது வீண் பெருமை அல்ல. அதே சமயம், பாடமே முக்கியம் என்று சொல்லிக்கொண்டு ஆய்வகமும் ஆசிரியரும் இல்லாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்வதற்கும் இந்த வாதம் துணை நிற்காது. பிள்ளைக்குப் பிடித்தது எது என்றே அந்த வயதில் தெரியாதே என்பவர்கள், பல வேலைகளுக்குக் கதவு திறந்திருக்கும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் போன்ற அகலமான பிரிவுகளைப் பார்க்கலாம். சேர்ந்த பிறகு பிரிவு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கல்லூரியின் பெயரை எடைபோடவும் வழி உண்டு. நாக் மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் உரியது, என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனி. சேரப்போகும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரப் பலகையில் இருக்கும் உச்சபட்ச சம்பளம் ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த விவரத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பது இருக்கும். கல்லூரியின் இணையதளத்தில் அதைத் தேடி எடுங்கள்.

பெயர் மோகத்தைக் காசாக்கும் இடம் நிர்வாக ஒதுக்கீடு. ‘சீட் பிளாக்’ செய்ய ரிசல்ட்டுக்கு முன்பே முன்பணம் கேட்பார்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கும் தொகையை 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நன்கொடைக் கட்டணத் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். கலந்தாய்வில் பிறகு நல்ல இடம் கிடைத்தால் விலகத் தயங்க வேண்டாம். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) குறிப்பிடும் கடைசித் தேதிக்குள் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் அதற்கு உரிமை இல்லை. விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மறுத்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவிடம் மனு கொடுங்கள். அங்கும் தீரவில்லையென்றால் பல்கலைக்கழகம் நியமித்துள்ள குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், ஏஐசிடிஇ-க்கும் புகார் அனுப்பலாம்.