விரல் நுனியிலிருந்து மூளை வரை

விடியற்காலை இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், பால்மரத்தின் முன் நிற்கும் தொழிலாளி கத்தியைப் பட்டையில் வைத்து இழுக்கிறார். பட்டை மெல்லிய சுருளாகச் சீவப்படுகிறது. பால் கோட்டின் வழியே வழிந்து மங்கில் சொட்டுகிறது. வெட்டின் ஆழம் குறைந்தால் பால் குறைந்துவிடும். ஆழம் மிகுந்தால் கத்தி மரத்தைத் தொட்டுக் காயமாக்கிவிடும். மரத்தின் மேல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். இதை அளக்க அவர் கையில் அளவுகோல் ஏதும் இல்லை. கண்ணும் விரலும் தரும் செய்திகளைக் கொண்டு மூளைதான் அந்த அளவைக் காத்துத் தருகிறது. இவ்வேலையைச் செய்யும் அமைப்பையே நரம்பு மண்டலம் என்கிறோம்.

மண்டையோட்டின் பாதுகாப்பில் இருக்கும் மூளை, வளர்ந்த மனிதரிடம் ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடையுள்ளது. உடலின் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும், உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை இது எடுத்துக்கொள்கிறது. சிந்தித்தல், பேசுதல், நினைத்தபடி கை கால்களை அசைத்தல் ஆகியவை பெருமூளையின் பணிகள். மூச்சையும் இதயத் துடிப்பையும் நாம் உறங்கும்போதும் கவனித்துக்கொள்வது முகுளம். பின்தலையில் அமைந்த சிறுமூளை உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் காக்கிறது. புதிதாக வெட்டப் பழகுபவர் ஒவ்வோர் இழுப்பையும் எண்ணி எண்ணிச் செய்வார். சில மாதங்கள் சென்றபின் அடுத்த நிரையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வெட்டுவார். "கை பழகிவிட்டது" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பழகியது சிறுமூளையே!

முகுளத்தின் தொடர்ச்சியாக முதுகெலும்பினுள் இறங்குவது தண்டுவடம். சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள இதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. மூளையிலிருந்து நேராகப் புறப்படுபவை 12 இணைகள். தோல், கண், காது முதலியவற்றிலிருந்து செய்தியைக் கொண்டுசெல்லும் இழைகள் ஒரு வகை. மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுவரும் இழைகள் மற்றொரு வகை. விரைவான இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் ஓடும். மெதுவானவற்றில் 1 மீட்டர் அளவே நகரும். காலில் கல் இடித்தவுடன் சுரீரென்று ஒரு வலியும், சற்றுப் பின்னர் விண்ணென்று மற்றொரு வலியும் தோன்றுவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

சூடான அடுப்பில் கை பட்டால், "சுடுகிறது" என்று நாம் உணருமுன்பே கை பின்வாங்கிவிடுகிறது. மூளையின் முடிவுக்காகக் காத்திராமல் தண்டுவடமே கட்டளை இட்டுவிடுவதால் இது நிகழ்கிறது. மூளைக்குச் செய்தி பின்னர்தான் போய்ச் சேர்கிறது.

மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தையும், வலப்பக்கம் இடப்பக்கத்தையும் ஆள்கின்றன. ஆகவே, மூளையின் ஒரு பக்கத்திற்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டால் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் சோர்ந்துவிடும். வாய் ஒருபுறம் கோணி, பேச்சும் குழறலாம். இதனையே பக்கவாதம் என்கிறோம். எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்து, "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பது பெருந்தவறு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்திற்குள் கொடுத்தாக வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணம் போய்ச் சேரும் நேரமும் அதில் அடங்கும். உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இனி, மருந்து தெளிப்போர் அறிய வேண்டிய ஒன்றைக் கூறுவோம். நரம்பின் முனை தசையை நேரடியாகத் தொடுவதில்லை. இடையில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு முனை அசெட்டில்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, அவ்விடைவெளியின் வழியாகத் தசைக்குச் செய்தி அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதனை உடனே சிதைத்துத் துடைக்க வேறொரு பொருள் அங்கே காத்திருக்கிறது. மாலத்தியான் போன்ற சில பூச்சிக்கொல்லிகள் இந்தத் துடைக்கும் பொருளை முடக்கிவிடுகின்றன. அப்போது கட்டளை ஓயாமல் சென்றுகொண்டே இருக்கும். எச்சிலும் வியர்வையும் பெருகும். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். தசைகள் துடித்துப் பின் தளரும். இறுதியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடும். இந்நஞ்சு வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உட்புகும். லயத்தின் பின்னால் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டு, வெறுங்கையால் மருந்து கலக்குவோர் இதைக் கருத்தில் கொள்க. நனைந்த உடையை உடனே களைந்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு உடலைக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் ஏற்ற மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க இயலும். காலிப் புட்டியில் குடிநீர் நிரப்பும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின் இன்றே கைவிடுக. களைக்கொல்லிகளின் கேடு வேறு வகையானது. அதைத் தனியே எழுத வேண்டும்.

நம்மிடையே பரவலாகக் காணப்படும் இனிப்புநீர் நோய் நரம்புகளை ஓசையின்றித் தாக்கும். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், உடலிலேயே நீளமான இழைகளாகிய பாதத்து நரம்புகள் முதலில் பழுதுபடுகின்றன. முதலில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றலாம், பின்னர் மரத்துப்போகும். எரிச்சல் நின்றதைக் கண்டு நோய் தணிந்தது என்று மகிழ்வோரும் உண்டு! உணர்வு போனதே அதன் பொருள். காலில் முள் தைத்தாலும், காலணிக்குள் சிறு கல் இருந்தாலும் அவருக்குத் தெரியாது. நாள் முழுதும் நடந்தபின் மாலையில் துணியில் இரத்தக் கறையைக் கண்டே புண்ணை அறிவார். அப்புண் ஆறாமல் காலை எடுக்க நேர்ந்தவர்களும் நம்மிடையே உளர்.

ஆதலால், இனிப்புநீர் உள்ளவர்கள் வேலைக்குப் புறப்படுமுன் காலணியைக் கவிழ்த்துத் தட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளையும் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதிக்க வேண்டும். அரசாங்க மருந்தகத்தில் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்தி, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் வலியில்லை. அதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.